வாய் படாத முருங்கைக்காய்

அத்தியாயம் பதினொன்று

சார்னியாப் பாலத்தின் இக்கரையில், கனடா எல்லை அதிகாரி மோட்டர்ஹோமின் படியில் ஒரு காலை வைத்து, மறு காலை வைக்காமலே இறங்கிப்போன இடத்தில் இவர்களைச் சென்ற வாரம் விட்டிருந்தோம். அவர் மூக்கைப் பொத்தவில்லை. அது அவருடைய பயிற்சி. கேட்க இருந்த கேள்விகளை விழுங்கிக்கொண்டு, போகலாம் என்று கையை மட்டும் அசைத்தார்.

அந்தக் கையசைப்பைத் தங்கேஸ்வரி மறக்கவில்லை. பிறம்ரன் வரையில் நெடுஞ்சாலை நீளத்துக்கும் அது அவள் கண்ணில் நின்றது. இந்த நாட்டின் எல்லா வரிசைகளிலும் ஒழுங்காக நின்று முன்னேறியவள் அவள். இன்று ஒரு நாற்றமாக உள்ளே விடப்பட்டிருக்கிறாள்.

இடையில் வந்து சேர்ந்த வாசகர்களுக்கு இவ்வளவு போதும். தங்கேஸ்வரியின் கணவர் வீரக்குட்டி, மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் ஆலையொன்றிலிருந்து இந்த இளவேனிலில் ஓய்வு பெற்றவர். இருவரும் மட்டக்களப்பிலிருந்து வந்து ஸ்காபரோவில் வீடு வாங்கியவர்கள். இவர்களுடைய ஒரே மகள் பிரசாந்தினிக்கும், யாழ்ப்பாணத்துப் பத்மநாதன், யோகமலர் தம்பதியின் மகன் கிருபனுக்கும் எழுத்து முடிந்துவிட்டது. சட்டப்படி அவர்கள் கணவன் மனைவி. தாலி கட்டுவது மட்டும் செப்டெம்பரில். அதற்கு முன் சம்பந்திமார் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பது, காப்புறுதி முகவராக இருந்து ஓய்வு பெற்ற பத்மநாதனின் யோசனை. நான்கு பேரும் படுக்கையும் அடுப்படியும் உள்ள ஒரு மோட்டர்ஹோமை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, அமெரிக்காவின் நடு மாநிலங்களைச் சுற்றிவரப் புறப்பட்டார்கள்.

விளங்கிக்கொண்டும் விட்டார்கள்.

ஒன்றை மட்டும் மறுபடி சொல்லியாக வேண்டும். மோட்டர்ஹோமின் பின்னறையையொட்டி ஒரு சிறிய கழிப்பறை உண்டு. அதன் அடியில் ஒரு தொட்டி. ஓரிரு நாளுக்கொருமுறை, அதற்கென்று அமைத்திருக்கும் குழியருகே வண்டியை நிறுத்தி, தடித்த குழாயைப் பூட்டி, தொட்டியைத் திறந்துவிட வேண்டும். அயோவாவில், இருபுறமும் சோளம் ஆளுயரத்துக்கு நின்ற ஒரு தங்குமிடத்தில், அந்த வேலை முதல்முறையாக வந்தது. இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் குழாயைப் பிடித்தார்கள்.

"விடுங்கோ வீரக்குட்டியர், நான் செய்யிறன்," என்றார் பத்மநாதன்.

"சே, நீங்க விடுங்க சம்பந்தி. நான் பாக்கிறன்," என்றார் வீரக்குட்டி.

நம்மவர்களிடையே இந்த உரையாடலுக்கு ஒரு வடிவம் இருக்கிறது. ஒருவர் மறுக்க வேண்டும். மற்றவர் அந்த மறுப்பை மறுக்க வேண்டும். இழுபறி ஓய்ந்தபின் இருவரும் சேர்ந்து குனிய வேண்டும். பத்மநாதன் முதல் மறுப்பிலேயே குழாயை விட்டுவிட்டார். விட்ட கையால் போனை எடுத்துச் சோள வயலைப் படம்பிடித்தார்.

அன்றிலிருந்து அது வீரக்குட்டியின் வேலையாயிற்று. பெண்ணைக் கொடுக்கிறவருடைய வேலை.

*

"உந்த மணம் வண்டியின்ரை பழுது," என்றார் பத்மநாதன், சார்னியாவைத் தாண்டி வரும்போது முன் இருக்கையில் சாய்ந்தபடி. "போனவுடனை அவங்களுக்கு நல்லா நாலு வசனம் எழுதுவன். தொட்டியிலை ஏதோ பிழை இருக்கு."

"மிச்சிகனிலேயே சரியா வடியல்ல," என்றார் வீரக்குட்டி. சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வண்டியை ஓட்டியதும் பெரும்பாலும் அவர்தான். "குழாய்க்குள்ள என்னவோ இறுகியிருக்கு."

"என்ன இறுகும்? கடுதாசிதான்."

வீரக்குட்டி தன் பக்கத்துக் கண்ணாடியை இன்னும் இறக்கினார்.

யோகமலர் பின்னறைக் கட்டிலில் படுத்திருந்தாள். மூக்கின் கீழே தைலம் பளபளத்தது. மணிக்கட்டில், பயணத்துக்கு முந்திய நாள் றிச்மண்ட் ஹில் கோயிலில் கட்டிவந்த சிவப்பு நூல். பேசும்போதெல்லாம் அதை ஒரு விரலால் உருட்டுவது இந்தப் பயணத்தில் அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

தங்கேஸ்வரி சின்னஞ்சிறு அடுப்படியில், காலையில் காய்ச்சிய தேநீர்ச் சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த அடுப்படிதான் அவளுடைய பெருமை. உறைந்த முருங்கைக்காய், இறால், தானே வறுத்திடித்த தூள் எல்லாவற்றையும் ஸ்காபரோவிலிருந்து கொண்டுபோயிருந்தாள். முடிந்தவற்றை வழியில் தென்பட்ட இந்தியக் கடைகளில் நிரப்பினாள். ஓமஹாவில் முருங்கைக்காய் கிடைத்த அன்று, ஒரு வெற்றி வீரனுடைய முகத்தோடு கடையிலிருந்து வெளியே வந்தாள்.

யோகமலர் ஒவ்வொரு வேளையும் தட்டை வாங்கிக்கொண்டு பின்னறைக்குப் போய்விடுவாள். "வண்டி ஆடேக்கை எல்லாரோடையும் இருந்து சாப்பிட்டா எனக்குத் தலை சுத்தும் தங்கேஸ்," என்பாள். திரும்பி வரும்போது தட்டு கழுவப்பட்டிருக்கும்.

கழுவிய தட்டு. தங்கேஸ்வரிக்கு அது ஒரு மரியாதையாகப் பட்டது. மாப்பிள்ளையின் தாய், பெண்ணின் தாயிடம் எச்சில் தட்டை நீட்டவில்லை. யாழ்ப்பாணத்தார் என்று பயந்ததெல்லாம் வீண் என்று மகளுக்குப் போனில் சொல்லியிருந்தாள்.

*

வாடகை நிலையம் பிறம்ரனின் களஞ்சியங்களுக்கு நடுவில் இருந்தது. லொறிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. தொட்டி வெறுமையாக இல்லாவிட்டால் வண்டியைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று உள்ளேயிருந்த பெண் சொன்னாள். முற்றத்தின் மூலையிலிருந்த குழியைக் காட்டிவிட்டு, கதவை விரைவாக அடைத்துக்கொண்டாள்.

வீரக்குட்டி நீல நிறக் கையுறைகளை மாட்டி, நிலத்தில் முழங்காலிட்டார். குழாயைப் பூட்டினார். பிடியை இழுத்தார். கொஞ்சம் வந்தது, நின்றுவிட்டது.

பத்மநாதன் எதிரே, கட்டடத்தின் நிழலில் நின்றார். "இன்னும் இடப்பக்கமா ஆட்டிப் பாருங்கோ வீரக்குட்டியர். ஆ, உதுதான். உதுதான்."

தண்ணீர்க் கலனோடு கணவரின் அருகே வந்த தங்கேஸ்வரி தணிந்த குரலில் சொன்னாள்: "அந்தாள் அங்க நிண்டு வாயால வேலை செய்யிறார்."

"சும்மா இரு கா தங்கேசு. கேக்கப்போகுது."

"கேக்கட்டும்."

அவர் உடுப்புக் கொழுவும் கம்பியொன்றை நிமிர்த்தி, நுனியை வளைத்துக்கொண்டு வந்திருந்தார். குழாயைக் கழற்றி, கம்பியைத் தொட்டியின் வாய்க்குள் விட்டார். விடுவதற்கு முன் ஒருமுறை நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார்.

"நீ உள்ளுக்குப் போ. இதப் பாக்காத."

"தண்ணி ஊத்த ஆள் வேணாமா?"

"நான் ஊத்துறன். போ."

அந்தக் குரலில் இருந்த அவசரம் அவளைப் போகவிடாமல் செய்தது.

கம்பியின் நுனியில் ஒரு துண்டு வந்தது. அது முருங்கைக்காய் என்று அறிவதற்கு முன்பே, அது தன்னுடையது என்று தங்கேஸ்வரி அறிந்துவிட்டாள். ஒரு விரல் நீளம். இரண்டு நுனியும் சரிவாக வெட்டு. உப்பும் புளியும் உள்ளே இறங்குவதற்காக நடுவில் ஒரு கீறல். அப்படி வெட்டுகிறவள் ரொறன்ரோவில் வேறு யாராவது இருக்கலாம். அந்த வண்டியில் இருக்கவில்லை.

வாய்க்குள் போன முருங்கைக்காய் நாராகச் சிதைந்துதான் வெளியே வரும். தட்டின் ஓரத்தில் சக்கையாகக் குவியும். இது அப்படியே இருந்தது. பல் படவில்லை. கம்பி மறுபடி உள்ளே போய், இன்னும் இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று கொழுவியபடி இழுத்துவந்தது. பின்னால், வாலோடு இறால்கள். பின்னால், நெடுக்காகப் பாதியாக வெட்டிய அவித்த முட்டை. அடைப்பு விலகி, குழாயை மறுபடி பூட்டியதும் மீதி எல்லாம் ஒரு முழக்கத்தோடு குழிக்குள் பாய்ந்தது. மஞ்சளும் மிளகாய்த்தூளும் கலந்த எண்ணெய் அதன்மேல் மினுங்கியது.

தங்கேஸ்வரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். தன் கறியின் நிறத்தை அவளுக்கு அங்கே அடையாளம் காண முடிந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கமுடியாததாக இருந்தது.

"இது வயித்துக்குள்ளால வந்ததில்ல," என்றாள்.

வீரக்குட்டி கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தட்டிலருந்து நேரா ரொய்லெட்டுக்குள்ள போயிருக்கு. தட்டக் கழுவினது அதுக்குத்தான்."

வியப்பு அவர் முகத்தில் இல்லை. வியப்பு இல்லாததைக் கண்டதும் அவள் தண்ணீர்க் கலனைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"மெதுவாப் பேசு."

"எப்பருந்து தெரியும்?"

"நெப்ராஸ்காவில கண்டன்," என்றார் வீரக்குட்டி. "குழாயில ஒரு கண்ணாடித் துண்டு இருக்கே, அதுக்குள்ளால போகக்குள்ள கண்டன். முதல் நாள் உறைப்பு ஒத்துக்கல்லையாக்கும் எண்டு நினைச்சன்."

"மறுகா?"

"மறுகாவும் கண்டன்."

"நான் ஒவ்வொரு நாளும் உங்களுக்கிட்டக் கேட்டன். யோகமலர் அக்கா விரும்பிச் சாப்பிட்டாவா எண்டு கேட்டன். என்ன சொன்னீங்க?"

அவர் கையுறையைக் கழற்றினார்.

"'ஓம், தட்டையும் கழுவித் தந்திட்டா' எண்டு சொன்னீங்க. நான் பேய்ச்சி, அடுத்த நாள் இன்னும் ரெண்டு இறால் கூடப் போட்டன்."

"புள்ளைக்கு எழுத்து முடிஞ்சிட்டு தங்கேசு. மண்டபம் பிடிச்சாச்சு. ஒரு சாப்பாட்டுக்காக..."

"சாப்பாட்டுக்காகவா?"

வீரக்குட்டி சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவி அவளிடம் நீட்டினார், தான் எழும்புவதற்கு. அந்தக் கைகளை அவள் தன் வாழ்நாளில் அருவருத்ததில்லை. பிறருடைய இரத்தமும் சீழும் படிந்த துணிகளை அள்ளிவிட்டு அவர் வீட்டுக்கு வந்த காலமெல்லாம், அந்தக் கைகளுக்குத்தான் அவள் சோறு போட்டாள். இன்று, சவர்க்காரம் மணக்க நீண்ட அந்தச் சுத்தமான கையைப் பார்த்தபோது அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

அவள் அதைப் பிடிக்கவில்லை. அவர் வண்டியின் சக்கரத்தைப் பிடித்து எழுந்தார்.

"புள்ளைக்குச் சொல்ல மாட்டன் எண்டு சொல்லு," என்றார்.

"நான் ஒண்டும் சொல்லல்ல," என்றாள் தங்கேஸ்வரி. "இண்டைக்கு எல்லாரும் நம்மட வீட்டதானே? நான் சமைக்கிறன்."

*

பெற்றோரை ஏற்றிப்போக வந்த பிரசாந்தினி, காரை விட்டு இறங்கியதும் கண்ட காட்சி இது: அப்பாவின் காற்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. அம்மா முகம் வெளிறி நின்றாள். மாமாவும் மாமியும் நிழலில், தங்கள் பெட்டிகளோடு, விமானத்துக்குக் காத்திருப்பவர்களைப் போல நின்றார்கள்.

"அப்பா, யக்! என்ன இது? ஏன் நீங்க மட்டும் செய்யிறீங்க?"

"முடிஞ்சிட்டு மகள், முடிஞ்சிட்டு."

"உங்கடை அப்பாவுக்கு உதிலை நல்ல கைராசி பிள்ளை," என்றார் பத்மநாதன். "நாங்கள் ஒருத்தரும் கிட்டப் போகேலாது."

"மாமா, நீங்க ஒரு நாளாவது செஞ்சீங்களா?"

பத்மநாதன் சிரித்தார். "நான் போட்டோ டிப்பார்ட்மென்ட்."

பிரசாந்தினி சிரிக்கவில்லை. காரின் பின்கதவைத் திறந்துவிட்டு அப்பாவின் பையை முதலில் வாங்கி வைத்தாள்.

ஸ்காபரோ வரையில் கண்ணாடிகள் நான்கும் இறக்கியிருந்தன. காற்றின் இரைச்சலில் பேச்சு குறைந்தது, நாற்றம் குறையவில்லை. அது உடுப்பில் ஏறிவிட்டிருந்தது.

"மாமி, நல்லா மெலிஞ்சிட்டீங்க," என்றாள் பிரசாந்தினி, கண்ணாடியில் பார்த்து. "அம்மாட சாப்பாடு சாப்பிட்ட ஆக்கள் குண்டாகித்தான் வருவாங்க."

யோகமலர் நூலை உருட்டினாள். "பயணம் எனக்கு ஒத்துவரேல்லைப் பிள்ளை."

"எனக்கு நாலு இறாத்தல் கூடியிருக்கும்!" என்றார் பத்மநாதன். "அந்த முருங்கைக்காய்க் கறி ஒண்டுக்கே இன்னொருக்கா நெப்ராஸ்காவுக்குப் போகலாம்."

"நெப்ராஸ்காவுக்குப் போகத் தேவையில்ல," என்றாள் தங்கேஸ்வரி, சாலையைப் பார்த்தபடி. "இண்டைக்கும் அதுதான்."

முன் இருக்கையில் வீரக்குட்டியின் தோள்கள் ஒருமுறை அசைந்தன.

*

குளித்து, உடுப்பு மாற்றி, அடுப்படிக்கு வந்த தங்கேஸ்வரியைப் பார்த்துப் பிரசாந்தினிக்குக் கோபம் வந்தது. "அம்மா, சீரியஸ்லி? இவ்வளவு தூரம் வந்து மறுபடி சமைக்கிறீங்களா? கொத்துரொட்டி ஓடர் பண்ணுவம். கிருபனுக்குச் சொன்னா வரேக்க எடுத்திட்டு வருவான்."

"வேணாம்."

"அவன் ஒஷாவாவில இருந்து வேலை முடிச்சு நேரா இஞ்சதான் வாறான். வழியிலதானே கடை."

"வேணாம் எண்டு சொன்னன் மகள். இந்தா, இந்த முருங்கைக்காயில நார் எடு."

பிரசாந்தினி நாரை உரித்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "அப்பாவோட ஏன் பேசாம இருக்கிறீங்க?"

"பேசுறத்துக்கு ஒண்டுமில்ல."

"மாமி ஏதும் சொன்னாவா?"

"மாமி நல்லாச் சாப்பிட்டா," என்றாள் தங்கேஸ்வரி. கத்தியால் ஒரு முருங்கைக்காயைச் சரிவாக நறுக்கி, நடுவில் கீறினாள். "எல்லாத்தையும் முடிச்சா."

பிரசாந்தினி தாயின் முகத்தைப் பார்த்தாள். அடுத்த முருங்கைக்காயை எடுத்தாள்.

வெயில் சாய்வதற்கு முன்பே மேசை நிறைந்துவிட்டது. சோறு, இறால் போட்ட முருங்கைக்காய்க் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, அவித்த முட்டை. பத்மநாதன் அழைக்காமலே வந்து உட்கார்ந்தார். யோகமலர் சுவரோரக் கதிரையின் நுனியில் இருந்தாள். தங்கேஸ்வரி முதல் தட்டை அவள் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்க அக்கா."

"நான் பேந்து சாப்பிடுறன் தங்கேஸ். எனக்குத் தலை..."

"இஞ்ச வீடு ஆடல்ல அக்கா. தலை சுத்தாது."

யோகமலர் தட்டைப் பார்த்தாள். "இண்டைக்கு எனக்கு விரதம்."

"வியாழக்கிழமை என்ன விரதம்?" என்றார் பத்மநாதன், வாயில் சோற்றோடு. "காலமை எக் சான்ட்விச் சாப்பிட்டனீரே?"

யோகமலர் கணவனைப் பார்த்த பார்வையில் அவர் அடுத்த வாய் சோற்றை மெல்ல மறந்தார்.

அப்போது கிருபன் வந்தான். சப்பாத்தை வாசலில் உதறிவிட்டு, "மாமி, ரோட்டிலேயே மணக்குது!" என்று கூவிக்கொண்டு நேரே குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினான். அப்பாவின் தோளைத் தட்டினான். அம்மாவின் உச்சியில் கன்னத்தை வைத்து எடுத்தான். பிரசாந்தினிக்குப் பக்கத்துக் கதிரையை இழுத்துப்போட்டான். பயணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பசித்த ஆள் அவன். தானே சோற்றைப் போட்டு, கறியை ஊற்றிக் குழைத்து, ஒரு கவளத்தைத் திரட்டி, அதன்மேல் ஒரு இறாலை வைத்து எடுத்தான்.

"தம்பி, வாயிலை வைக்காதை!"

யோகமலரின் குரல் அது. அவளே எதிர்பார்த்திராத உரத்த குரல். கதிரை பின்னால் தள்ளுப்பட்டு அவள் எழுந்து நின்றாள்.

கிருபனின் கை வாய்க்கு முன்னால் நின்றது. "ஏனம்மா? தலைமயிர் கிடக்கே?"

தங்கேஸ்வரி மெல்ல உட்கார்ந்தாள். இந்தக் கணத்துக்காகத்தான் அவள் பிற்பகல் முழுவதும் அடுப்பில் நின்றாள். வந்தபோது அதில் வெற்றி இருக்கவில்லை. மூக்குக்குள் மறுபடி அந்தக் குழியின் நாற்றம் மட்டும் வந்தது.

"ஏன்?" என்று கிருபன் மறுபடி கேட்டான்.

பதில் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. "அம்மாவக் கேக்காதீங்க மகன். நான் சொல்றன்," என்றார் வீரக்குட்டி. தன் கைகளிரண்டையும் மேசைமேல் வைத்து, அவற்றையே பார்த்துக்கொண்டு பேசினார். "உங்கட அம்மா வழிநெடுக எங்கட சாப்பாட்டில ஒரு வாயும் சாப்பிடல்ல. தங்கேசு குடுத்த எல்லாத்தையும் ரொய்லெட்டுக்குள்ள கொட்டினவ. அதுதான் அடைச்சது. நான்தான் தோண்டி எடுத்தன். எனக்குக் கனநாளாத் தெரியும். ஒருத்தருக்கும் சொல்லாம எடுத்துக்கொண்டிருந்தன்."

தங்கேஸ்வரி அன்று முதல்முறையாகக் கணவரை நேராகப் பார்த்தாள்.

"வாட்?" என்றாள் பிரசாந்தினி. "அப்பா, என்ன சொல்றீங்க?"

"யோகம், உண்மையே?" பத்மநாதனின் முகம் தொங்கிவிட்டது. "நான் மூண்டு தரம் போட்டுச் சாப்பிட்டனே! எனக்கேன் ஒண்டும் சொல்லேல்லை?"

"உங்களுக்கு மருந்து வைச்சு இனி ஆருக்கு என்ன பிரயோசனம்?" என்றாள் யோகமலர்.

மருந்து. அந்தச் சொல் மேசையின் நடுவில் விழுந்தது. இளையவர்கள் இருவருக்கும் அது விளங்க ஒரு நொடி எடுத்தது. மூத்தவர்களுக்கு எடுக்கவில்லை. கறியில் கலந்து கொடுத்து ஆளை மயக்கிக் கட்டிப்போடும் வசிய மருந்து. மட்டக்களப்பார் வீட்டில் கை நனைக்கப் போகிறவனுக்கு யாழ்ப்பாணத்தில் காதோடு காதாகச் சொல்லி அனுப்பும் எச்சரிக்கை. கடல்கடந்து, பனிகடந்து, இரண்டு தலைமுறை கடந்து அது ரொறன்ரோவுக்கும் வந்து சேர்ந்திருந்தது.

"நான் ஆரையும் குறை சொல்லேல்லை," என்றாள் யோகமலர். நூலை இன்னும் வேகமாக உருட்டினாள். "எனக்குச் சொன்னவை. போகேக்கை கவனம் எண்டு சொன்னவை. பெடியனைக் கட்டிப்போட்டாச்சு, இனித் தாயையும் சேத்துக் கட்டத்தான் கூட்டிக்கொண்டு போகினம் எண்டு சொன்னவை. நான் என்ன செய்ய? முகத்துக்கு நேரை வேண்டாம் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. மரியாதைக்கு வாங்கினன்."

"மரியாதைக்கு," என்றாள் தங்கேஸ்வரி.

மரியாதைக்கு வாங்கிய ஒன்றை மரியாதைக்கு மறைத்து, மரியாதைக்குத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். நான்கு பேரும் நல்லவர்களாகவே நடந்துகொண்டதன் விளைவு அந்தக் குழியில் கிடந்தது.

கிருபன் சிரித்துவிட்டான். அது நல்ல சிரிப்பு, வெறுப்பில்லாத சிரிப்பு. "அம்மா, உங்களுக்கு விசரே? நான் மூண்டு வருசமா இஞ்சை சாப்பிடுறன்."

"அதுதான்," என்றாள் யோகமலர்.

அவள் அதை உரக்கச் சொல்லவில்லை. மகனுடைய கண்களைப் பார்த்து, தாய் மகனுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

கிருபனின் சிரிப்பு நின்றது. அவன் குனிந்து தட்டைப் பார்த்தான்.

ஒரு கணந்தான். கறியை, அதன் எண்ணெயை, சரிவாக வெட்டிய முருங்கைக்காயைப் பார்த்தான். மூன்று வருடத்தில் அவன் தன் தட்டை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. பார்த்ததை உடனே உணர்ந்தவன்போல நிமிர்ந்து பிரசாந்தினியின் பக்கம் திரும்பினான். ஆனால் அவள் அவனுடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கணத்தை அவள் முழுவதாகக் கண்டுவிட்டிருந்தாள்.

பிரசாந்தினி எழுந்தாள். அவன் முன்னாலிருந்த தட்டை எடுத்தாள்.

"பிரசா, நான் சாப்பிடுறன். தா."

"வேணாம்."

"நான் ஒண்டும் நினைக்கேல்லை. ஐ ஸ்வெயர். தா."

அவள் தட்டோடு அடுப்படிக்குப் போனாள். குப்பை வாளியின் மூடியை மிதித்துத் திறக்கும் சத்தம் கேட்டது. தங்கேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். மூடி மறுபடி அடைபடும் சத்தம் கேட்டது. எதுவும் விழவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியோரம், எல்லோருக்கும் முதுகைக் காட்டியபடி நின்று, பிரசாந்தினி அவனுடைய தட்டிலிருந்த சோற்றை அள்ளி அள்ளித் தின்னத் தொடங்கினாள்.

மேசையில் கிருபன் மட்டும் அசையாமல் இருந்தான். திரட்டிய அந்த ஒரு கவளம் இன்னும் அவன் விரல்களில் இருந்தது. வைப்பதற்கு அவன் முன்னால் தட்டு இல்லை. மணிக்கட்டு வழியாகக் கறி மெல்ல வழியத் தொடங்க, ஒரு பக்கத்தில் அவனுடைய தாயும் மறுபக்கத்தில் அவனுடைய மாமியும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.